கசிவைத் தேடி சட்டனூகாவுக்கு

அட்லாண்டாவிலிருந்து சட்டனூகா ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். இந்தச் சாலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் லுக்அவுட் மலையையும் டென்னசி ஆற்றையும் பார்க்க வருவார்கள். நாங்கள் போனது ஒரு பழைய கோக்கோ கோலா இயந்திரத்தின் பொருட்டு. காசு போட்டால் கண்ணாடிப் பாட்டில் தரும் சிவப்பு இரும்புப் பெட்டி அது, 1950-களில் செய்தது. விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. காசை வாங்கிக்கொண்டு பாட்டிலையும் கொடுத்தது. ஆனால் பாட்டில் சில்லென்று இல்லை.

இயந்திரம் எங்கள் ஊர்க்காரத் தம்பி ஒருவருடையது. அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறார். ஒரு முதியவர் காலமான பின் பிள்ளைகள் அவருடைய வீட்டுச் சாமான்களை விற்றபோது இதை வாங்கியிருந்தார். “உள்ளே இருக்கிறதையெல்லாம் கழற்றிப் போட்டுட்டு, சின்ன ஃப்ரிட்ஜ் ஒண்ணைப் பொருத்தித் தர்றேன்னு ஒருத்தர் சொன்னார் அண்ணே. எனக்கு மனசு வரலை. இது எப்படிக் குளிர்ந்துச்சோ அப்படியே குளிரணும்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நானும் கூடப் போகத் தீர்மானித்தேன்.

பிக்கப் வண்டியில் ஏற்றும்போதே முதல் பாடம் கிடைத்தது. இப்படிப்பட்ட இயந்திரத்தைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது. அடியிலிருக்கும் கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. சாய்த்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசர் எண்ணெயில்லாமல் உரசிக் கெடலாம், அல்லது குழாய்க்குள் போன எண்ணெயையே அமுக்கப் பார்த்து வால்வை உடைத்துக்கொள்ளலாம். வேறு வழியின்றிப் படுக்கவைத்தால், நிமிர்த்திய பிறகு ஒரு நாளாவது சும்மா நிற்கவிட வேண்டும். நாங்கள் நின்ற வாக்கிலேயே வைத்து, நான்கு பக்கமும் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

பானம் பிறந்த ஊர்

கிளம்புவதற்கு முன் அட்லாண்டாவின் மையப் பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற சாலைச் சந்திப்பில் ஒரு காலத்தில் ஜேக்கப்ஸ் மருந்துக்கடை இருந்தது. ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் உருவாக்கிய சாற்றைச் சோடா நீரில் கலந்து 1886 மே 8 அன்று அந்தக் கடையில்தான் முதன்முதலாக விற்றார்கள். ஒரு குவளை 5 சென்ட். முதலாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்பது குவளைகளே விற்றதாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அந்த 5 சென்ட் விலை 1950-களின் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. அதற்கு ஒரு காரணம் எங்கள் வண்டியில் நின்றதைப் போன்ற இயந்திரங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை நாணயத்தை மட்டுமே வாங்கும். விலையை ஒரு சென்ட் கூட்டினாலும் நாடு முழுதும் இயந்திரங்களை மாற்ற வேண்டும். ஏழரை சென்ட் நாணயம் ஒன்றை அச்சடிக்கும்படி கோக்கோ கோலா நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வுட்ரஃப் 1953-ல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரிடம் கேட்டதும் இதனால்தான். அது நடக்கவில்லை.

சோடாவுக்குக் குளிர்ச்சி வெறும் சுகம் மட்டும் அல்ல; அதன் உயிரே அதில்தான் இருக்கிறது. 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அதில் பாதிதான் தங்கும். சூடான சோடாவைத் திறந்ததும் பொங்கி வழிந்து சப்பென்று ஆவது இதனால்தான். அதனால் பானத்தை விற்றவர்களுக்குக் குளிர்ச்சியையும் சேர்த்து விற்க வேண்டியிருந்தது. முதலில் பனிக்கட்டியை நம்பினார்கள். இந்தியானா மாநிலம் மன்சியில் இருந்த கிளாஸ்காக் என்ற நிறுவனம் 1929-ல் கோக்கோ கோலாவுக்காக ஒரு பெட்டி செய்தது. பனிக்கட்டிக்குள் 72 பாட்டில்கள். விலை 12 டாலர் 50 சென்ட்.

அமெரிக்கப் பனிக்கட்டி சென்னைக்கும் புதிதல்ல. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து அறுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி அனுப்பினார். அதைச் சேமித்து வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. குளிர்ச்சியைக் கடல் கடந்து வாங்கிய காலம் அது. பிறகு வந்த கம்ப்ரசர், எந்த ஊரிலும் எந்த வெயிலிலும் அந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டது.

வடக்கே போகும் சாலை

அட்லாண்டாவை விட்டு வெளியே வந்ததும் ஜார்ஜியாவின் செம்மண் தெரியத் தொடங்குகிறது. சாலையோரம் பைன் மரங்கள். மின்கம்பங்களையும் பாழடைந்த கொட்டகைகளையும் முழுக்கப் போர்த்திவிட்ட குட்ஸு கொடி. வெயிலில் ஈரப்பதம் நம் கடற்கரை ஊர்களைப் போலவே உடம்பில் ஒட்டியது. கோக்கோ கோலா இந்தத் தெற்கு மண்ணில் ஏன் பிறந்தது என்பதற்கு அந்தப் புழுக்கமே போதுமான விளக்கம்.

பாதி தூரம் போவதற்குள் கார்ட்டர்ஸ்வில் வருகிறது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி ஊருக்குள் போனோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மருந்துக்கடை. அதன் பக்கச் சுவரில் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். 1894-ல் அங்கே தீட்டியதுதான் கோக்கோ கோலாவின் முதல் சுவர் விளம்பரம். மேலே மேலே பூசிய வண்ண அடுக்குகளைச் சுரண்டி எடுத்து, பழைய எழுத்தை மீட்டிருக்கிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், எங்கள் வண்டியின் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அருகே வந்தார். சிறுவயதில் பெட்ரோல் பங்க் வாசலில் இதே மாதிரி ஒன்றில் காசு போட்டதைச் சொன்னார். பாட்டிலைத் திறந்தபின் தண்ணீர் அரும்பிய கண்ணாடியைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாராம். அவர் நினைவில் நின்றது ருசியைவிடவும் அந்தக் குளிர்ச்சிதான்.

அதற்குப் பிறகு டால்டன். அமெரிக்காவின் தரைவிரிப்புத் தொழிலின் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊர். சாலையோரம் நெடுகக் கிடங்குகள். கொஞ்ச நேரத்தில் மாநில எல்லையைத் தாண்டினோம். தூரத்தில் லுக்அவுட் மலை நீலமாக எழுந்தது.

பெட்டி செய்த ஊர்

சட்டனூகாவுக்குக் கோக்கோ கோலா வரலாற்றில் தனி இடம் உண்டு. பானத்தைப் பெரும்பாலும் குவளையிலேயே விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊர் வழக்கறிஞர்கள் பெஞ்சமின் தாமஸும் ஜோசப் வைட்ஹெட்டும் அட்லாண்டாவுக்குப் போய், அதைப் பாட்டிலில் அடைத்து நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் உரிமையைக் கேட்டார்கள். அப்போது நிறுவனத்தை நடத்திய ஏசா கேண்ட்லர் 1899 ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விலை 1 டாலர். அந்த ஒரு டாலரையும் அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை என்கிறார்கள். அவ்வாண்டே சட்டனூகாவில் பாட்டில் தொழிற்சாலை தொடங்கியது.

எங்கள் பெட்டிக்கும் இதுவே சொந்த ஊர். கேவலியர் என்ற நிறுவனத்தின் சி-51 மாதிரி அது. கேவலியர் சட்டனூகாவில் மரச்சாமான் தொழிலில் வேர்விட்ட நிறுவனம். வாசனைத் தேவதாரு மரத்தில் செய்த துணிப் பெட்டிகளுக்குப் பேர்பெற்றது. பிறகு கோக்கோ கோலாவுக்காகக் குளிர்பெட்டிகளும் விற்பனை இயந்திரங்களும் செய்தது. இந்தத் துறையில் கன்சாஸ் சிட்டியின் வெண்டோ, கலிஃபோர்னியாவின் வெண்டோர்லேட்டர் ஆகியவையும் பெரிய பெயர்கள். மாதிரிப் பெயரில் வரும் எண், அந்த இயந்திரம் விற்கும் பாட்டில்களின் எண்ணிக்கையைக் குறிக்கும்: வெண்டோ 39, வெண்டோ 81, கேவலியர் சி-51.

நாங்கள் தேடிப்போன பட்டறை ஆற்றுக்கு வடக்கே இருந்தது. பழைய இயந்திரங்களின் கதவுகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. அதை நடத்துபவர் இளமையிலிருந்தே குளிர்சாதன வேலையில் இருந்தவர். சர்க்கார் தேர்வெழுதி உரிமம் பெற்றவர். அமெரிக்காவில் அந்த உரிமம் இல்லாத ஒருவர் குளிரூட்டும் கேஸ் இருக்கும் குழாயைத் திறக்கக் கூடாது. 1992 ஜூலை முதல் இந்த வகைக் கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

நோய் எங்கே?

அவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கைவிளக்கோடு குனிந்து, பெயர்ப்பலகையைத் துடைத்துப் படித்தார். எந்த கேஸ், எவ்வளவு எடை, எத்தனை வோல்ட் என்பதெல்லாம் அதில் பொறித்திருக்கும். “இதைப் படிக்காமல் பழைய இயந்திரம் எதையும் திறக்கக் கூடாது. இன்னும் பழைய சில பெட்டிகளில் சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கும். மூச்சைத் திணறடித்துவிடும்” என்றார். எங்கள் பெட்டியில் இருந்தது ஆர்-12. பிறகு மின்கம்பிகளைப் பார்த்தார். வயதான ரப்பர் உறை விரல் பட்டதும் உதிர்ந்தது. 115 வோல்ட் என்றாலும் இரும்புப் பெட்டியில் கசிந்தால் ஆளைக் கொல்லும் என்று சொல்லி, கம்பிகளை முழுக்க மாற்றவும் எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக் போடவும் குறித்துக்கொண்டார்.

அடுத்து கண்டன்சர். அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. இங்கே அவர் வேலையை நிறுத்தி, எங்களுக்கு விளக்கினார். பெட்டி குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. பாட்டில்களைச் சுற்றிவரும் காற்றின் வெப்பத்தை எவாப்பரேட்டர் சுருளில் ஓடும் திரவ கேஸ் வாங்கிக்கொண்டு கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அமுக்குகிறது. அமுக்கியதும் அது அறைக் காற்றைவிடச் சூடாகி, கண்டன்சர் வழியாக வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம், உள்விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உள்ள நீண்ட கேப்பிலரி குழாய்க்குள் நெருக்கிப் புகுந்து, அழுத்தம் குறைந்து, மறுபடியும் எவாப்பரேட்டரில் கொதிக்கப் போகிறது. இந்தச் சுற்றில் கண்டன்சர் வெப்பத்தை விடும் வாசல். வாசல் அடைத்தால் கம்ப்ரசர் மூச்சுமுட்டி ஓடும். அதற்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பு ஒன்று எங்கள் பெட்டியில் காணாமல் போயிருந்தது. வெறும் தகரம்தானே என்று முன்பு யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். வெளியே தள்ளிய சூடான காற்று மறுபடியும் உள்ளே சுற்றாமல் காத்தது அந்தத் தகரம்தான். அளவெடுத்து வேறொன்று வெட்டிக்கொண்டார்.

ஆனால் தூசி மட்டும் காரணம் இல்லை. கம்ப்ரசருக்குப் போகும் செம்புக் குழாயின்மேல் ஒரு சிறு கவ்வி இருந்தது. குழாயை ஊசியால் துளைத்து, வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதற்காக மாட்டும் வால்வு. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. மெக்கானிக் அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது.

“கேஸ் பெட்ரோல் இல்லை. ஓட ஓடத் தீராது. 1950-களில் அடைத்த கேஸோடு இன்றும் குளிரும் பெட்டிகள் இருக்கின்றன. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது. வேறு காரணமே கிடையாது. யாரோ கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். அதற்காகப் போட்ட வால்வே இரண்டாவது கசிவாகிவிட்டது.”

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஆனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டும்தான் போகும். இங்கே போன வழியாக வேறொன்று உள்ளேயும் வந்திருந்தது. கேஸ் குறைந்துபோனால் கம்ப்ரசர் இழுக்கும் பக்கத்துக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழ்ந்துவிடும். அப்போது அதே துளை வழியே காற்றும் ஈரமும் உள்ளே நுழையும். ஈரம், கேஸ், எண்ணெய், கம்ப்ரசரின் சூடு நான்கும் சேர்ந்தால் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் மோட்டார் கம்பிச்சுருளின்மேல் பூசிய வார்னிஷ் பூச்சை அரிக்கும். ஈரத்துளி கேப்பிலரி குழாயின் வாயில் உறைந்து அடைக்கவும் செய்யும். அப்படிப்பட்ட பெட்டி சற்று நேரம் குளிரும், நின்றுவிடும், உறைந்தது உருகியதும் மறுபடி குளிரும்.

மல்டிமீட்டரை எடுத்து கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் அளந்தார். பொது முனைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலான மின்தடைகளைக் கூட்டினால், மீதி இரண்டு முனைகளுக்கு இடையே கிடைக்கும் அளவு வர வேண்டும். அது சரியாக வந்தது. சுருள் அறுந்துபோகவில்லை. ஆனால் சுருளுக்கும் இரும்பு ஓட்டுக்கும் இடையே மின்காப்பு மிகவும் தளர்ந்திருந்தது. மிச்சமிருந்த கேஸை ரெக்கவரி இயந்திரத்தால் ஒரு சிலிண்டருக்குள் இழுத்துப் பிடித்துவிட்டு, எண்ணெயில் சில துளி எடுத்து அமிலச் சோதனை செய்தார். திரவத்தின் நிறம் மாறியது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தபோதே உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டிருந்தது. கசிவைத் தேடாமல் விட்டதன் விலை, ஒரு கம்ப்ரசர்.

கேஸின் கதை

ஆர்-12 வெறும் வில்லனல்ல. அதற்கு முன்பு குளிர்பெட்டிகளில் இருந்த அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு எல்லாமே நஞ்சு. வீட்டுக்குள் கசிந்து உயிர்களைக் குடித்திருக்கின்றன. தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் நஞ்சில்லாத, தீப்பற்றாத ஒரு கேஸைத் தேடி ஆர்-12-ஐக் கண்டறிந்தார்கள். 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, மெழுகுவத்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அந்தக் கூட்டம் நடந்த ஊர், நாங்கள் கிளம்பிவந்த அட்லாண்டாதான். பெட்ரோல் பங்க் வாசலிலும் பள்ளிக்கூட நடையிலும் ஒரு குளிர்பெட்டியை அச்சமின்றி நிறுத்த முடிந்தது அந்தக் கேஸ் வந்த பிறகுதான்.

மனிதருக்குத் தீங்கு செய்யாத அந்தக் கேஸ் வானத்துக்குத் தீங்கு செய்தது. அது எளிதில் சிதையாது. அதனாலேயே மேலே மேலே ஏறி, அங்கே புற ஊதாக் கதிரால் உடைந்து, குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கிறது. மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் இதை எழுதினார்கள். 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1995-ன் முடிவோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றது. அதே 1995-ல் அந்த இருவருக்கும் பால் க்ரட்சனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

பழைய இயந்திரங்களிலிருந்து மீட்டுச் சுத்திகரித்த ஆர்-12 இன்றும் உரிமம் உள்ளவர்களுக்குக் கிடைக்கிறது. பழைய கம்ப்ரசர் நலமாக இருந்திருந்தால் அந்த வழியையும் யோசித்திருக்கலாம். இப்போது கம்ப்ரசரே மாற வேண்டும் என்றானதால், ஆர்-134ஏ என்ற வேறு கேஸில் ஓடும், அதே திறனுள்ள கம்ப்ரசரைப் போடத் தீர்மானித்தார்கள். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அதுவும் பூமியைச் சூடாக்கும்; ஒரு கிலோ கசிந்தால் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். எந்த கேஸாக இருந்தாலும் குழாய்க்குள்ளேயே இருக்கும்வரைதான் நல்லது. தம்பி பழைய எவாப்பரேட்டரையும் கண்டன்சரையும் விடவில்லை. இரண்டையும் உட்புறம் கழுவி அமிலமும் பழைய எண்ணெயும் நீக்கி, அவற்றையே மறுபடி பயன்படுத்தினார்கள். ஆர்-12-க்கு உரிய கனிம எண்ணெய் புதிய கேஸோடு கலக்காது. கலக்காத எண்ணெய் குழாயிலேயே தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாது. அதனால் அந்தக் கழுவல் தப்பக் கூடாத வேலை.

ஒட்டும் கை

இந்தத் தொழிலின் அழகை நான் பார்த்தது ஒட்டு வேலையில்தான். துளைபட்ட குழாய்ப் பகுதியை வெட்டி எடுத்தார். செம்போடு செம்பு சேரும் இடத்துக்குப் பாஸ்பரஸ் கலந்த கம்பி. செம்போடு இரும்பு சேரும் இடத்துக்கு வெள்ளிக் கம்பியும் பசையும். தீயை நேரே கம்பியில் காட்டவில்லை. குழாயைச் சூடாக்கினார், சரியான சூட்டில் கம்பியைத் தொட்டதும் உலோகம் தானாக உருகி மூட்டுக்குள் இழுபட்டு ஓடியது. ஒட்டும் நேரமெல்லாம் குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் செம்பின் உட்புறம் கரித்துச் செதில் செதிலாக உதிர்ந்து, பிறகு கேப்பிலரி குழாயைப் போய் அடைக்கும். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத உட்சுவரைச் சுத்தமாக வைக்க அவ்வளவு அக்கறை. ஈரத்தையும் துகளையும் பிடித்துவைக்கும் ஃபில்டர் டிரையரைக் கடைசியில்தான் பிரித்தார். முன்கூட்டியே திறந்து வைத்தால் அது அறைக் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பயனற்றுப் போகும்.

பிறகு கசிவுச் சோதனை. நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவினார். இதற்கு ஒருபோதும் ஆக்சிஜன் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். வால்வு இருந்த இடம் நன்றாக இருந்தது. ஆனால் எவாப்பரேட்டருக்குள் நுழையும் பழைய மூட்டில் ஊசிமுனை அளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அரும்பின. மெக்கானிக் கைகாட்டி எங்களை அழைத்தார். பல ஆண்டுகளாக யாரும் தேடாத முதல் கசிவு அதுதான். அதையும் ஒட்டி, அழுத்தத்தை ஏற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டார். மீட்டர் முள் அசையாமல் நின்றால்தான் அடுத்த வேலை.

அந்த நேரத்தில் நாங்கள் ஊரைச் சுற்றினோம். டென்னசி ஆற்றின்மேல் நிற்கும் வால்நட் தெருப் பாலம் 1891-ல் கட்டியது. பழுதடைந்ததால் 1978-ல் மூடிவிட்டார்கள். இடித்துவிடலாம் என்ற பேச்சை ஊர் மக்கள் ஏற்கவில்லை. பணம் திரட்டிச் செப்பனிட்டு, 1993-ல் நடந்துபோகிறவர்களுக்கான பாலமாகத் திறந்தார்கள். 1906-ல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை இனவெறிக் கும்பல் இந்தப் பாலத்தில்தான் தூக்கிலிட்டுக் கொன்றது. தென்முனையில் 2021-ல் அவருக்கு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நின்றுவிட்டுத்தான் நடந்தோம். பழையதைக் காப்பாற்றுகிற ஊர் அதன் கொடுமையையும் மறைக்காமல் நினைவில் வைக்க வேண்டும் என்பதைச் சட்டனூகா அறிந்திருக்கிறது.

மறுநாள் முள் அசையவில்லை. வேக்யூம் பம்பை மாட்டினார். சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், குழாயில் ஒளிந்த ஈரம் வெளியேறும். பம்பை நிறுத்திவிட்டும் காத்திருந்தார். அளவு ஏறினால் ஈரமோ கசிவோ இன்னும் இருக்கிறது என்று பொருள். ஏறவில்லை. பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, எடைபார்த்து கேஸை ஏற்றினார். கேப்பிலரி குழாய் உள்ள அமைப்பில் உபரி கேஸைச் சேமிக்கும் தொட்டி கிடையாது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும். கையால் தொட்டுப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது இங்கே செல்லாது.

கதவின் ஓர ரப்பர் கடைசி வேலை. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தார், தடையின்றி வந்தது. ரப்பர் கல்லாகியிருந்தது. இடுக்கில் ஈரக்காற்று புகுந்தால் எவாப்பரேட்டர் பனி மூடும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ரப்பரை மாற்றினார். சுவர்களுக்குள் ஊறிக்கிடந்த கண்ணாடி இழைப் பஞ்சையும் எடுத்துவிட்டு உலர்ந்த பஞ்சை வைத்தார். பெட்டிக்குள் பாட்டில்களை அடுக்கி, ஒரு பாட்டில் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார். 2 டிகிரிக்கு வந்து அங்கேயே நின்றது. தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தியது, மறுபடி ஓட்டியது, மறுபடி நிறுத்தியது. தம்பி ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, “அண்ணே, இது மாதிரி கோக் நான் குடிச்சதே இல்லை” என்றார்.

இந்தப் பயணத்தில் நான் கற்றது நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். கோடையில் நம் வீட்டு ஃப்ரிட்ஜோ ஏ.சி.யோ குளிரவில்லை என்றால் “கேஸ் தீர்ந்துபோச்சு, ஏத்திட்டாச் சரியாகிடும்” என்ற பேச்சைத்தான் முதலில் கேட்கிறோம். அடுத்த கோடையில் மறுபடியும் அதையே கேட்கிறோம். கேஸ் தீர்வதில்லை. அடுத்தமுறை மெக்கானிக் வரும்போது மரியாதையோடு ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கசிவு எங்கே இருக்கிறது? நைட்ரஜன் ஏற்றிச் சோதித்தீர்களா? ஃபில்டர் டிரையரை மாற்றினீர்களா? வேக்யூம் போட்டீர்களா? கேஸை எடைபோட்டு ஏற்றினீர்களா? இந்த வேலைகளைச் செய்ய நேரமும் கூடுதல் கூலியும் ஆகும். அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள். கசிவை மூடாமல் கேஸ் ஏற்றுவதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.